வலைப்பக்கம் எழுதும் கருவிகள்: ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்



பரிசளிப்பு விழா மலருக்குக் கட்டுரை எழுதுவதென்றால் தோட்டம் பிறந்த கதையையோ தமிழின் சிறப்பையோ எழுதுவது நம் வழக்கம். இவ்வாண்டு நான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். கணினியில் வலைப்பக்கம் எழுதப் பயன்படும் கருவிகளின் வரலாறுதான் அது. "இது நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதை எழுத வைத்ததே நம் தோட்டத்துத் தந்தை ஒருவர்தான்.

ஒருநாள் பள்ளி முடிந்து வகுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர், வேலை உடுப்புடனே வந்து வாசலில் நின்றார். அவர் மகள் நம் பள்ளியில் படித்தவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படிக்கிறாள்.

"டீச்சர், மக இன்டர்நெட் பக்கம் எழுதப் பழகணும்னு சொல்றா. அதுக்கு ஒரு சாப்ட்வேர் வேணுமாம். பட்டணத்துக் கடையில 900 வெள்ளி சொல்றாங்க. அது இல்லாம எழுதவே முடியாதாம். வீட்ல சங்கிலிய அடகு வச்சிடலாம்னு இருக்கேன். வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வைக்காதீங்கண்ணே! காசு கொடுக்காமலே நல்ல கருவி கிடைக்கும்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "காசு இல்லாம கொடுக்குற சாமான் நல்லாவா இருக்கும் டீச்சர்? ஏன் சும்மா கொடுக்குறாங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. அன்று என்னால் அதற்கு நேரான பதில் சொல்ல இயலவில்லை. பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றது பாடம் நடத்தும் முறையே தவிர கணினிக் கலை அன்று. ஆகவே தேடிப் படித்தேன். படித்ததை அவருக்கும் அவரைப் போன்ற பெற்றோர்க்கும் இங்கே சொல்கிறேன்.

தொகுப்பி என்பது யாது?

முதலில் அந்தக் கருவி என்னவென்று பார்ப்போம். கைப்பேசியில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வலைப்பக்கத்திற்கும் பின்னால் வெறும் எழுத்தால் ஆன ஒரு கோப்பு இருக்கிறது. "இது தலைப்பு, இது பத்தி, இங்கே படம்" என்று கணினிக்குக் குறிப்புச் சொல்லும் எழுத்து அது. அந்த எழுத்துமுறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். அதை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளே உரைத் தொகுப்பி. பேச்சு வழக்கில் எடிட்டர் என்கிறோம்.

"கடிதம் தட்டும் மைக்ரோசாப்ட் வேர்டு இருக்கிறதே, அது போதாதா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போதாது. வேர்டு, எழுத்தோடு சேர்த்து அதன் அளவு, தடிப்பு, நிறம் போன்றவற்றையும் கோப்புக்குள் பொதிந்து வைக்கும். நேரான மேற்கோள் குறியைத் தானாகவே வளைந்த குறியாக மாற்றிவிடும். கடிதத்திற்கு அது அழகு. வலைப்பக்கத்தின் கட்டளைக்கோ அது கேடு. ஒரு குறி மாறினாலும் பக்கம் பாழ். தொகுப்பியோ நாம் தட்டிய எழுத்தை மட்டுமே சேமிக்கும். தானாக எதையும் கூட்டாது, குறைக்காது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

அட்டையில் எழுதிய காலம்

தொகுப்பி தோன்றுமுன் கணினிக்குக் கட்டளை எழுதியோர் அட்டையில் துளையிட்டனர். ஐ.பி.எம். நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த 80 பத்திகள் கொண்ட அட்டை பல்லாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. ஓர் அட்டைக்கு ஒரு வரி. ஓர் எழுத்துப் பிழையானால் அந்த அட்டையை வீசிவிட்டு வேறு அட்டையில் துளையிட வேண்டும். கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் அட்டைகளை மறுபடி வரிசையாக அடுக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

அடுத்து, கணினியோடு இணைந்த தட்டச்சுப் பொறி வந்தது. அப்போதும் திரை இல்லை. கணினி பேசுவதெல்லாம் காகிதச் சுருளில் அச்சாகும்.

கேள்விக்குறி மட்டும் பேசிய கருவி

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் உருவாகிக்கொண்டிருந்தது. அதனை உருவாக்கியோருள் ஒருவரான கென் தாம்சன், "எட்" என்னும் தொகுப்பியை எழுதினார். காகிதத்தில் அச்சடிக்கும் பொறிக்காகச் செய்யப்பட்டது அது. ஆகவே அதிகம் பேசாது. எந்த வரி என்று எண்ணைச் சொல்ல வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஓர் எழுத்தைத் தட்ட வேண்டும். நாம் தவறு செய்தால் அது ஒரே ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சடிக்கும். என்ன தவறு, எங்கே தவறு என்றெல்லாம் சொல்லாது.

நம் பழைய காலத்து வாத்தியார் சிலர், கணக்கு தப்பானால் வாய் திறக்காமல் புருவத்தை மட்டும் உயர்த்துவார்களே, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்! இந்தக் கேள்விக்குறியையும் கென் தாம்சனின் பெயரையும் மறந்துவிடாதீர்கள். பின்னால் நம் பள்ளிக் கதையில் இரண்டும் திரும்ப வரும்.

திரை வந்தது

1970-களில் திரையோடு கூடிய முனையங்கள் பரவின. லண்டன் குயின் மேரி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் கூலூரிஸ், எட் கருவியைச் சாதாரண மனிதரும் கையாளும்படி திருத்தி, "எம்" என்று ஒன்றைச் செய்தார். அவர் 1976-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்குச் சென்றிருந்தபோது, அங்கே மாணவராக இருந்த பில் ஜாய் அதைக் கண்டார். அதிலிருந்து வளர்த்தெடுத்து அவர் உருவாக்கியதே புகழ்பெற்ற "வி.ஐ." தொகுப்பி.

அக்கருவியில் எழுத்தைச் சேர்ப்பது ஒரு நிலை. கட்டளையிடுவது வேறொரு நிலை. கட்டளைகளெல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்துதான். ஏன் இந்தச் சிக்கனம்? பில் ஜாய் வீட்டிலிருந்து வேலை செய்த தொலைபேசி இணைப்பில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளே வந்து சேரும். 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் கொண்ட திரை முழுதும் நிரம்ப ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகும். மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 24-ஐ 80-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 64 நொடி! ஆகவே அளந்து பேசுவதே அறிவுடைமையாயிற்று. அவர் பயன்படுத்திய முனையத்தில் எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளின் மேல் அம்புக்குறி பொறிக்கப்பட்டிருந்தது. அதனால் அந்நான்கு விசைகளும் இடம், கீழ், மேல், வலம் என்று நகர்த்தும் விசைகளாயின. அந்த முனையம் பொருட்காட்சிக்குப் போய்விட்டது. அந்தப் பழக்கம் மட்டும் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

அதே 1976-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் கல்விக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் முதலியோர் "ஈமேக்ஸ்" என்னும் மற்றொரு தொகுப்பியை உருவாக்கினர். பயன்படுத்துவோர் தம் விருப்பம் போல மாற்றியும் கூட்டியும் அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. வி.ஐ. பெரிதா, ஈமேக்ஸ் பெரிதா என்று கணினிக்காரர்களிடையே மூண்ட சச்சரவு இன்னும் ஓயவில்லை. நம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று சண்டையிட்டார்களே, அதற்கு இது சற்றும் குறைந்ததன்று.

சும்மா கொடுத்தது ஏன்?

இப்போது அந்த அண்ணனின் கேள்விக்கு வருவோம்.

ஸ்டால்மனின் கொள்கை இதுதான்: மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், அதன் உள்ளமைப்பைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமைகளுக்காக அவர் 1983-இல் "க்னூ" என்னும் திட்டத்தை அறிவித்தார். அதன் வழியே 1985-இல் வெளிவந்தது க்னூ ஈமேக்ஸ். ஆக, இது மட்டமான சரக்கைத் தள்ளிவிட்ட கதை அன்று. கற்றதை ஊருக்குத் திறந்து வைத்த கதை.

இன்னொருவர் கதையையும் கேளுங்கள். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பிராம் மூலனார், வி.ஐ.யைப் பின்பற்றி "விம்" என்னும் தொகுப்பியை எழுதி 1991-இல் வெளியிட்டார். பின்னர் 1994-இல் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் கிபாலே என்னும் ஊருக்குத் தொண்டு செய்யச் சென்றார். எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் வாழ்ந்த வட்டாரம் அது. விம் கருவிக்கு அவர் விலை வைக்கவில்லை. "இக்கருவி உங்களுக்குப் பிடித்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு உதவுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். விம்மைத் திறந்தவுடன் தோன்றும் வரவேற்புத் திரையிலேயே உகாண்டாப் பிள்ளைகளுக்கு உதவக் கோரும் வரி நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. அவர் 2023 ஆகஸ்டு 3-ஆம் நாள் இயற்கை எய்தினார். எங்கோ ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு தொகுப்பி துணை நின்றதென்றால், அதைச் சும்மா வந்த சாமான் என்று எப்படித் தள்ள முடியும்?

வலை பிறந்தது

1989-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, உலகளாவிய வலை என்னும் கருத்தை முன்வைத்தார். 1990-இல் முதல் உலாவியையும் அவரே எழுதினார். இதில் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அந்த முதல் உலாவி பக்கத்தைப் படிக்க மட்டும் அன்று, எழுதவும் திருத்தவும் உதவியது. படிப்பவரே எழுதுபவராகவும் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் செர்ன், வலையின் மென்பொருளை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

அதே ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற மொசைக் என்னும் உலாவியிலோ படிக்க மட்டுமே வசதி இருந்தது. அன்று முதல் படிப்பதற்கு உலாவி, எழுதுவதற்குத் தொகுப்பி என்று இரண்டும் பிரிந்தன. பக்கம் எழுத விரும்பியோர் யூனிக்ஸ் கணினியில் வி.ஐ., ஈமேக்ஸ் ஆகியவற்றையும், விண்டோஸ் கணினியில் நோட்பேடையும் திறந்துகொண்டு உட்கார்ந்தனர். 1985-இல் வெளிவந்த முதல் விண்டோஸிலேயே நோட்பேடு இருந்தது. அடுத்தவர் எழுதிய பக்கத்தின் மூல எழுத்தை உலாவியிலேயே திறந்து பார்த்து அவர்கள் கற்றார்கள். ஆசான் இல்லாமல் ஏகலைவன் கற்றதைப் போல என்று சொல்லலாம்.

விலைக்கு வந்த கருவிகள்

எச்.டி.எம்.எல். குறிகளைக் கையால் எழுத எல்லாருக்கும் பொறுமை இருக்குமா? அங்கேதான் வியாபாரம் நுழைந்தது. 1995-இல் வெளிவந்த பிரண்ட்பேஜ், கடிதம் தட்டுவது போலவே பக்கத்தை அமைக்க வழிசெய்தது. மறு ஆண்டே மைக்ரோசாப்ட் அதை வாங்கிக்கொண்டது. 1997-இல் மேக்ரோமீடியா நிறுவனம் டிரீம்வீவரை வெளியிட்டது.

இவை வேலையை எளிதாக்கின என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இடர்ப்பாடும் இருந்தது. குறிப்பாக பிரண்ட்பேஜ், நாம் கேட்காத குறிகளையெல்லாம் கோப்பில் நிரப்பிவிடும். பின்னால் திருத்த வருபவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். 2006-இல் மைக்ரோசாப்ட் அதைக் கைவிட்டது. டிரீம்வீவரோ 2005-இல் அடோபி நிறுவனத்தின் கைக்குப் போனது. 2013 முதல் அடோபி தன் புதிய பதிப்புகளை ஒரேயடியாக விற்பதை விட்டுவிட்டுச் சந்தா முறைக்கு மாற்றியது. அதாவது வீட்டு வாடகை மாதிரி, கட்டுவதை நிறுத்தினால் கருவியும் நின்றுவிடும். கடைக்காரர் 900 வெள்ளி சொன்ன சாமான் எதுவென்று எனக்குத் தெரியாது. எதுவாயினும் வலைப்பக்கம் எழுதப் பழக அது கட்டாயம் அன்று என்பது மட்டும் உறுதி.

மீண்டும் எழுத்துக்கே

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின் வலைத்தொழிலில் இறங்கியவர்கள் மறுபடியும் வெறும் எழுத்துத் தொகுப்பிகளையே நாடினர். பக்கத்தின் உள்ளே நடப்பது தங்கள் கைக்குள் இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். 2003-இல் டான் ஹோ என்பவர் வெளியிட்ட நோட்பேட்++ இலவசம். விண்டோஸில் மட்டும் ஓடும். பழைய கணினியிலும் விரைவாகத் திறக்கும். கட்டளைகளை ஒரு நிறத்திலும் சாதாரண எழுத்தை மற்றொரு நிறத்திலும் அது காட்டுவதால் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. 2004-இல் மேக் கணினிக்கு டெக்ஸ்ட்மேட் வந்தது. 2008-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஸ்கின்னர் சப்லைம் டெக்ஸ்டை வெளியிட்டார். இது விலைக்குரியது, வேகத்திற்குப் பெயர்பெற்றது.

2014-இல் கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் என்னும் தொகுப்பியை வெளியிட்டது. வலைப்பக்கம் எழுதும் அதே நுட்பத்தைக் கொண்டே செய்யப்பட்ட தொகுப்பி அது. அதன் வயிற்றுக்குள் ஓர் உலாவியே இருந்தது. அழகிய கருவிதான், ஆனால் நினைவகத்தை நிறைய விழுங்கும். 2018-இல் மைக்ரோசாப்ட் கிட்ஹப்பை வாங்கியது. 2022 டிசம்பர் 15-ஆம் நாள் ஆட்டம் நிறுத்தப்பட்டது.

அதற்குள் மைக்ரோசாப்டின் சொந்தக் கருவி முன்னேறிவிட்டது. எரிக் காமா தலைமையில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் உழைத்த குழுவினர் உருவாக்கிய விசுவல் ஸ்டூடியோ கோட், 2015 ஏப்ரல் 29-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதன் மூல எழுத்தும் பொதுவில் திறக்கப்பட்டது. ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளம் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு 73 பேருக்கு மேல் இதைப் பயன்படுத்துவதாகக் கூறினர். உலகப் பெரும் நிறுவனங்களின் பொறியாளர்கள் பயன்படுத்தும் அதே கருவி, அதே பதிப்பு, நம் லயத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு காசு இல்லாமல் கிடைக்கிறது. 2021 முதல் கணினியில் நிறுவாமலே உலாவியில் திறந்து எழுதவும் வழியுண்டு.

இதை எல்லாம் பெருநிறுவனத்தின் தர்மம் என்று எண்ணிவிட வேண்டாம். பலரும் தன் கருவியில் பழகினால், தான் விற்கும் மற்றச் சேவைகளுக்கும் வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே அண்ணனுக்கு என் பதில் இரண்டு. கொள்கைக்காகக் கொடுத்தவர்கள் உண்டு; கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. இரண்டிலும் நம் பிள்ளைக்கு நட்டமில்லை.

நம் எழுத்தும் என் தவறும்

இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பரிசு பெற்ற மாணவர்களின் பட்டியலைப் பள்ளியின் வலைப்பக்கத்தில் இட்டேன். பள்ளியின் பழைய கணினியில் நோட்பேடைத் திறந்து, இரவு வெகுநேரம் உட்கார்ந்து தமிழிலேயே பெயர்களைத் தட்டினேன். சேமிக்கும்போது ஏதோ எச்சரிக்கை வந்தது. தூக்கக் கலக்கத்தில் அதைப் படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன்.

மறுநாள் மாலை, பாட்டி ஒருவர் பேரனின் கைப்பேசியோடு வந்தார். "என்னா டீச்சர் இது, எம் பேரன் பேர் இருக்கும்னு லயம் பூரா சொல்லி வச்சேன். பேரையே காணோமே!" என்றார். பார்த்தேன். பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். வரிக்கு வரி கேள்விக்குறிகள். ஒரு பிள்ளையின் பெயர்கூட மிஞ்சவில்லை. அந்தப் பாட்டியின் முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நடந்தது என்ன? கணினிக்குத் தெரிந்தது எண் மட்டுமே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். 1963-இல் வகுத்த ஆஸ்கி என்னும் முறையில் 128 இடங்களே இருந்தன. அதில் ஆங்கிலத்திற்கு இடமுண்டு, தமிழுக்கு இல்லை. பழைய நோட்பேடு சேமிக்கும்போது தானாகத் தேர்ந்துகொண்ட முறை, ஆஸ்கியைச் சற்றே விரித்த முறை. நம் பள்ளிக் கணினியில் அதிலும் தமிழ் இல்லை. தனக்குத் தெரியாத எழுத்தையெல்லாம் அது கேள்விக்குறியாக்கிவிட்டது. 2019-க்குப் பிந்திய விண்டோஸில் இக்குறை நீக்கப்பட்டுவிட்டது. நம் கணினியோ அதற்கு மூத்தது.

இதற்குத் தீர்வு முன்பே பிறந்திருந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு 1991-இல் வெளிவந்தபோதே அதில் தமிழ் இடம்பெற்றது. அவ்வெண்களைக் கோப்பில் சேமிக்கும் சிறந்த முறையான யூ.டி.எப்-8, 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்து மேசையில் உருவானது. உருவாக்கியவர்கள் ராப் பைக்கும் கென் தாம்சனும். ஆம், கேள்விக்குறி மட்டும் பேசிய எட் கருவியை எழுதிய அதே தாம்சன்தான்! அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. "க" என்னும் நம் எழுத்துக்கு மூன்று பைட்டு. "கு" என்றால் ககரமும் உகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட்டு.

நம் மண்ணின் பங்கும் சிறிதன்று. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். அது வளர்ந்து முரசு அஞ்சலாயிற்று. சிங்கப்பூரில் விரிவுரையாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி, கணியன் என்னும் மென்பொருளைப் படைத்தார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏற அவர் உழைப்பே காரணம். இவர்கள் பாதை வெட்டியதால்தான் நாம் இன்று தமிழில் தட்டுகிறோம்.

நான் அன்றிரவே நோட்பேட்++ கருவியை இறக்கி, யூ.டி.எப்-8 என்று தேர்ந்து, பட்டியலை முதலிலிருந்து தட்டினேன். பக்கத்தின் தலைப்பகுதியில் "இது யூ.டி.எப்-8" என்று அறிவிக்கும் வரியையும் சேர்த்தேன். பெயர்கள் திரும்ப வந்தன. மறுநாள் பாட்டியின் வீட்டுக்கே போய்க் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பேரன் பெயரைப் படித்தார்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அண்ணனுக்கு இதையெல்லாம் சொன்னபோது, "சரி டீச்சர், இத்தனையில மக எத எடுக்கட்டும்?" என்றார்.

"நீங்க குலை வெட்ட எதை எடுப்பீங்கண்ணே?" என்று திருப்பிக் கேட்டேன்.

"இது என்னா கேள்வி? கட்டை மரத்துக்கு உளி, உசந்த மரத்துக்குக் கம்புல கட்டின அறுவா. மரத்தப் பாத்துத்தானே எடுக்கணும்" என்றார்.

அதேதான் இங்கும். பிள்ளைகளும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை இவை:

1. தமிழைத் தாங்குமா? யூ.டி.எப்-8 முறையில் சேமிக்கிறதா என்று முதலில் பாருங்கள். விம் போன்றவற்றைக் கறுப்புத் திரை முனையத்தில் திறந்தால் தமிழின் கொம்பும் காலும் பெரும்பாலும் ஒழுங்காக அமையா. அது கருவியின் தரக்குறைவு அன்று, முனையத் திரையின் குறை.

2. கணினி தாங்குமா? பழைய, நினைவகம் குறைந்த விண்டோஸ் கணினிக்கு நோட்பேட்++ நன்று. சற்றுப் புதிய கணினியானால் விசுவல் ஸ்டூடியோ கோட் நன்று.

3. கருவி நின்றுபோனால் என்ன ஆகும்? ஆட்டம் நின்றபோது அதில் எழுதிய பக்கங்கள் அழியவில்லை. அவை வெறும் எழுத்துக் கோப்புகள். வேறு எந்தத் தொகுப்பியிலும் திறக்கும். கத்தி உடைந்தால் வேறு கத்தி. வெட்டத் தெரிந்த கைதான் முதல்.

4. தானாக எழுதித் தரும் வசதி. 2021 முதல் செயற்கை நுண்ணறிவு தொகுப்பிக்குள்ளேயே வந்துவிட்டது. பாதி எழுதினால் மீதியை அதுவே எழுதிவிடும். தொழில் செய்வோர்க்கு அது உதவி. கற்றுக்கொள்ளும் பிள்ளையோ முதலில் தன் கையால் எழுதிப் பிழைவிட்டுத் திருத்தப் பழக வேண்டும். வாய்ப்பாடு தெரியாதவன் கையில் கணிப்பான் இருந்தும் பயனில்லை.

5. ஒன்றை எடுத்தால் அதில் நிலைத்துப் பழகுங்கள். வாரம் ஒரு கருவி மாற்றினால் விரல் எதிலும் தேறாது.

முடிவுரை

அண்ணன் சங்கிலியை அடகு வைக்கவில்லை. உறவினர் ஒருவர் கொடுத்த பழைய மடிக்கணினியில் அவர் மகள் நோட்பேட்++ கொண்டு எழுதத் தொடங்கினாள். அவள் எழுதிய முதல் பக்கம் தன் தந்தையின் வேலையைப் பற்றியது. குலை பழுத்ததை எப்படி அறிவது, உதிரி ஏன் பொறுக்க வேண்டும் என்று தமிழிலேயே எழுதியிருந்தாள். அதைப் பார்த்த அண்ணன், "இதுக்கா டீச்சர் 900 வெள்ளி கேட்டாங்க!" என்று சிரித்தார்.

பெற்றோர்களே, கருவிக்குப் பணம் இல்லையே என்று பிள்ளையின் ஆசையைக் கிள்ளிவிடாதீர்கள். பணம் கட்டினால்தான் முடியும் என்று யாராவது சொன்னால், கட்டுமுன் பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை கேளுங்கள். மாணவச் செல்வங்களே, டிம் பெர்னர்ஸ்-லீ விரும்பியது போல் வலையைப் படிப்பவராக மட்டும் நின்றுவிடாமல் எழுதுபவராகவும் ஆகுங்கள்.

இவ்வாண்டுப் பரிசுப் பட்டியலின் வலைப்பக்கத்தை ஆறாம் ஆண்டு மாணவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வீட்டுக்குப் போனதும் திறந்து பாருங்கள். எல்லாப் பெயர்களும் இருக்கின்றன.